காந்தம் பிடித்து நிறுத்தும் உலோக ஆறு

சென்ற மாதம் வீட்டில் ஏர்கோன் மாற்றினோம். ஒரு மீட்டர் செம்புக் குழாய் மிஞ்சியது. அதை நிமிர்த்திப் பிடித்து, வலுவான சிறு காந்தம் ஒன்றை உள்ளே போட்டேன். அரை விநாடிக்குள் விழவேண்டிய காந்தம் சாவகாசமாக இறங்கி வந்தது.

"செம்பு காந்தத்தில் ஒட்டாதே அப்பா, பிறகு எப்படி?" என்றாள் மகள்.

காந்தம் நகரும்போது செம்பில் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டம் நகர்வையே எதிர்க்கிறது. காந்தம் அசையாமல் உலோகம் ஓடினாலும் இதே கதைதான். அணு இணைவு உலை கட்டுபவர்களுக்குப் பெரிய தலைவலி இதுவே.

பிரான்சில் உருவாகிவரும் ஐ‌டெர் உலையில் எரிபொருளை 15 கோடி டிகிரிக்குச் சூடேற்றத் திட்டம். அந்தச் சூட்டை எந்தப் பாத்திரமும் தாங்காது; காந்தப்புலம்தான் அதை அந்தரத்தில் பிடித்து வைக்கும். அதன் வலிமை சுமார் 5 டெஸ்லா. மருத்துவமனை எம்ஆர்ஐ கருவியில் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லாதான்.

இணைவில் வரும் ஆற்றலில் 80 விழுக்காட்டை நியூட்ரான்கள் சுமந்து வெளியேறுகின்றன. அவற்றுக்கு மின்னூட்டம் இல்லாததால் காந்தம் தடுக்காது. சுற்றியுள்ள சுவர்தான் அந்த வெப்பத்தை வாங்க வேண்டும். எரிபொருளான டிரிட்டியமும் இயற்கையில் மிக அரிது. அதையும் அங்கேயே உண்டாக்க வேண்டும். நியூட்ரான் பட்டால் லித்தியம் டிரிட்டியம் தரும். எனவே, 235 டிகிரியில் உருகும் ஈய-லித்தியக் கலவையைச் சுவருக்குள் ஓடவிட்டால் இரண்டு வேலையும் முடியும்.

ஆனால் உருகிய உலோகமும் மின்சாரம் கடத்தும். காந்தப்புலத்தைக் கடக்கும்போது, குழாயில் இறங்கிய காந்தம்போல் அதுவும் தயங்கும். டென்மார்க்கின் ஹார்ட்மன் 1937ஆம் ஆண்டிலேயே பாதரசத்தை வைத்து இதை ஆராய்ந்தார். பம்பு கூடுதல் அழுத்தம் கொடுத்தாக வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஓட்டத்தின் சுழிப்புகள் அடங்கிவிடுகின்றன. கலக்காத தேநீர் மெல்ல ஆறுவதுபோல், வெப்பம் பரவுவதும் மந்தமாகிறது.

தீர்வு? மின்னோட்டம் குழாய்ச் சுவர் வழியே சுற்றி வராமல் தடுப்பது. அதற்காக அலுமினா பூச்சு, சிலிக்கான் கார்பைடு உள்ளுறை ஆகியவற்றைச் சோதிக்கிறார்கள். பூச்சில் விரிசல் விழுந்தால் மின்னோட்டத்துக்கு வழி திறந்துவிடும். உலோகத்தை மெதுவாக ஓடவிட்டு, சுவரை ஹீலியம் வாயுவால் குளிர்விப்பது மற்றொரு யோசனை. இந்தியாவில் காந்திநகர் பிளாஸ்மா ஆய்வுக் கழகமும் ஈய-லித்திய ஓட்டத்தை ஆராய்கிறது.

"காந்தத்தை நிறுத்திவிட்டால் உலோகம் நன்றாக ஓடுமே?" என்றாள் மகள்.

ஓடும். ஆனால் குளிர்விக்க அங்கே நெருப்பு இருக்காது.

நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். முடிந்ததும் காந்தத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் ஆபத்து.