பட்டியலில் பெயர் இல்லையென்றால்…

விடுமுறைக்கு வல்லார்பாடம் வந்த பேரன், பேஸ்பால் அணிகளை நிர்வகிக்கும் கணினி விளையாட்டில் மூழ்கியிருந்தான். "தாத்தா, நன்றாகப் பந்து வீசும் பையனைக் கீழ் அணிக்கு அனுப்பிவிட்டு, சுமாரான மூத்தவரைக் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்கிறதே!" என்றான்.

விதிகளைப் பார்த்தோம். அமெரிக்கப் பெரிய லீக் அணியில் 2020 முதல் வழக்கமாக 26 பேருக்குத்தான் இடம். இளைஞரைப் பெரும்பாலும் 3 பருவங்களில் கீழே அனுப்பித் திரும்ப அழைக்கலாம். அந்த வாய்ப்பு தீர்ந்தவரை இறக்கினால் வேறு அணி எடுத்துக்கொள்ளலாம். இருவரையும் இழக்காதிருக்கவே அந்தக் கணக்கு! ஐ.பி.எல்.லிலும் 4 வெளிநாட்டவர் வரம்பால் நல்ல ஆட்டக்காரர் வெளியே உட்காருகிறாரே!

ரயில்வேயிலும் அப்படித்தான். ஓய்வு நேரம் முடியாத டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் வண்டி எடுக்க முடியாது. பட்டியலில் பெயர் இல்லாதது திறமைக் குறைவல்ல. ஆனால் அதை அவரிடம் எடுத்துச் சொல்ல மனிதர்தான் வேண்டும்.