முதலில் ஆசிரியர் தெருவில் இறங்க வேண்டும்

குடிசைப் பகுதிகளுக்கு மாணவர்களை அனுப்பும் சமயக் கல்வி நிறுவனங்கள் கண்டுகொண்ட உண்மை: பயிற்சி தேவைப்படுவது மாணவருக்கு மட்டுமல்ல

1899. கல்கத்தாவில் பிளேக். பாக்பஜார் பகுதித் தெருக்களில் குப்பை குவிந்து கிடக்க, அள்ள ஆளில்லை. ராமகிருஷ்ண மிஷனின் பிளேக் நிவாரணக் குழுச் செயலாளர் சகோதரி நிவேதிதை ஒருநாள் தானே துடைப்பத்தை எடுத்துத் தெருவைக் கூட்டத் தொடங்கினார். அயர்லாந்தில் பிறந்த ஒரு பள்ளி ஆசிரியை தங்கள் தெருவைக் கூட்டுவதைப் பார்த்து வெட்கிய உள்ளூர் இளைஞர்கள், அவர் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். அந்த ஏப்ரலில் விவேகானந்தர் தலைமையில் நடந்த கூட்டம் ஒன்றில் பிளேக்கும் மாணவர் கடமையும் பற்றி நிவேதிதை பேசினார். சுமார் 15 மாணவர்கள் தொண்டர்களாகப் பெயர் கொடுத்தார்கள். வெறும் பேச்சோடு நின்றிருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்களோ!

நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் கேள்வி அதேதான். சேவையை அனுபவமாகவே கற்க வேண்டும் என்று மாணவர்களை நகரத்துக் குடிசைப் பகுதிகளுக்கு அனுப்பும் சமயம் சார்ந்த கல்லூரிகள் இன்று நாடெங்கும் உண்டு. ஆனால் அனுப்புகிற ஆசிரியர் அங்கே போயிருக்கிறாரா? போயிருந்தாலும், கண்டதை மாணவருக்குப் பாடமாக்கத் தெரியுமா?

களத்துக்குப் பஞ்சமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடிசைப் பகுதிகளில் வசித்தவர்கள் சுமார் 6.5 கோடி பேர். அரசும் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், சமூக ஈடுபாட்டுக்கு 2 கிரெடிட் கொண்ட பாடத்தைப் பரிந்துரைக்கின்றன. 30 மணி நேரத்தில் பாதியாவது வகுப்பறைக்கு வெளியே கழிய வேண்டும். ஆக, தட்டுப்பாடு ஆசிரியர்களுக்குத்தான். முனைவர் பட்டம் பெறும் வழியில் எந்தப் படியிலும், தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நிற்கும் பெண்ணிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

கிறிஸ்தவ இறையியல் கல்லூரிகள் இந்தப் பிரச்சினையோடு வெகு முன்பே மோதின. இயேசு சபையின் இறையியல் கல்லூரி ஒன்று 1889 முதல் டார்ஜிலிங் அருகே கர்சியாங்கில் இயங்கியது. மலைக்காற்று, அமைதி, பெரிய நூலகம். படிப்புக்கு ஏற்ற இடம்தான். ஆனால் குருக்களாகப் போகிறவர்கள் யாரிடையே வேலை செய்யப் போகிறார்களோ, அந்த மக்கள் மலைக்குக் கீழே இருந்தார்கள். 1972ல் கல்லூரி டெல்லிக்கு இறங்கி வந்தது. இன்றைய வித்யாஜோதி அதுதான். மாணவர்கள் மட்டும் இடம் மாறவில்லை. பேராசிரியர்களும் சேர்ந்தே மாறினார்கள்.

மதுரை அரசரடியில் 1969ல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி இன்னொரு வழியை எடுத்தது. போதகராகப் பயிலும் பட்ட வகுப்பு மாணவர்கள் விடுதியை விட்டு வெளியேறி, குடிசைப் பகுதிகளிலும் கிராமங்களிலும் மக்களோடு குடியிருந்து படிக்கும் முறை அங்கே வேரூன்றியது. அங்கே சமையலும் வாடகையும் அண்டை வீட்டுச் சண்டையும்கூடப் பாடம். அப்படி ஓர் இடத்திலிருந்து வகுப்புக்குத் திரும்பும் மாணவர் கேட்கும் கேள்விகள் புத்தகக் கேள்விகளாக இருக்காது. அவற்றுக்கு முன் நிற்க ஆசிரியரும் அதே தெருவை அறிந்திருக்க வேண்டியதாயிற்று.

இதை ஒரு முறையாக எழுதி வைத்தது 1993ல் வெளியான இயேசு சபையின் கல்வி ஆவணம். சூழல், அனுபவம், சிந்தனை, செயல், மதிப்பீடு என்று ஐந்து படிகள். அனுபவத்துக்கும் செயலுக்கும் நடுவே நிற்கிற 'சிந்தனை'தான் ஆசிரியரின் இடம். அது இல்லாவிட்டால் களப்பயணம் சுற்றுலா ஆகிவிடும். 2000 அக்டோபரில் கலிபோர்னியாவின் சான்டா கிளாரா பல்கலைக்கழகத்தில் பேசிய அன்றைய சபைத் தலைவர் பீட்டர் ஹான்ஸ் கோல்வென்பாக் இன்னும் ஒரு படி போனார். பிறரோடு தோள் சேரும் உணர்வு கருத்துகளால் வருவதில்லை, நேரடித் தொடர்பால் வருகிறது என்றார். இதை மாணவர்களுக்கு மட்டும் சொல்லி விட்டுவிடவில்லை. பேராசிரியர்களின் ஆய்வும் கற்பித்தலுமே ஏழைகளின் நிலையிலிருந்து கேள்வி கேட்கப் பழக வேண்டும் என்றார்.

சரி, பயிற்சி என்றால் என்ன? தெளிவான விடை மருத்துவமனையிலிருந்து வந்தது. 1925ல் அமெரிக்காவின் வொர்செஸ்டர் மனநல மருத்துவமனையில் ஆன்டன் பாய்சன் என்ற போதகர், இறையியல் மாணவர்களை நோயாளிகளிடையே வேலை செய்ய வைத்தார். மனிதர்களையே நூல்களாகப் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதிலிருந்து வளர்ந்த பயிற்சி முறை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையிலும் வழக்கத்தில் உள்ளது. இந்த முறையில் பயிற்சி பெறுபவர், ஒருவரோடு தான் நடத்திய உரையாடலை நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதிக் குழுவின் முன் வைக்க வேண்டும். எந்த இடத்தில் அவசரப்பட்டு ஆறுதல் சொன்னார், எந்தக் கேள்வியிலிருந்து நழுவினார் என்பதெல்லாம் வெளியே வந்துவிடும். பயிற்றுநர் ஆக விரும்புபவரும் முதலில் இதே நாற்காலியில் உட்கார்ந்தாக வேண்டும்.

கல்லூரி ஆசிரியருக்கு இது எளிதல்ல. இருபது ஆண்டுகள் மேடையில் நின்று பேசிப் பழகியவருக்கு, குடிசை வாசலில் உட்கார்ந்து அரை மணி நேரம் வாய் திறக்காமல் கேட்பதே பெரிய தேர்வு. ஆசியக் கிறிஸ்தவக் கல்லூரிகளுக்கான யுனைடெட் போர்டு அமைப்பு ஆசிரியர் பயிற்சியைத் தன் முக்கியப் பணிகளில் ஒன்றாக வைத்திருப்பதும், மதுரை லேடி டோக் கல்லூரி சேவைவழிக் கற்றலுக்கென்றே தனி மையம் நடத்துவதும் சும்மா இல்லை.

பயிற்சி இல்லாத இடத்தில் மூன்று ஆபத்துகள் காத்திருக்கின்றன.

ஒன்று, வகுப்புக்குள்ளேயே இருப்பது. 'ஏழைகளின் வாழ்க்கையைப் பார்த்து வாருங்கள்' என்று ஆசிரியர் அறிவிக்கும்போது, அப்படிப்பட்ட தெருவிலிருந்தே பஸ் ஏறி வந்த மாணவி கடைசி பெஞ்சில் இருக்கக்கூடும். மற்றவர்கள் 'அனுபவம்' பெறப் போகும் இடம் அவளுக்கு வீடு. அவளை வேடிக்கைப் பொருளாக்காமல், அந்த வகுப்பின் வழிகாட்டியாக்கத் தெரிந்தவரே பயிற்சி பெற்ற ஆசிரியர்.

இரண்டாவது, நல்லெண்ணம். 1968 ஏப்ரலில் மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரில், சேவை செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களிடம் இவான் இலிச் முகத்துக்கு நேரே சொன்னார்: உதவி செய்ய வராதீர்கள், பார்க்கவும் படிக்கவும் வேண்டுமானால் வாருங்கள். சொன்னவர் தெருவில் எதிர்ப்புக் கோஷம் போட்டவர் அல்ல. லத்தீன் அமெரிக்காவுக்குப் போகும் மிஷனரிகளுக்குப் பயிற்சி மையம் நடத்திய கத்தோலிக்கக் குரு. ஆண்டுதோறும் புதுப்புது மாணவர்கள் வந்து அதே கேள்வித்தாளை நீட்டினால், பதில் சொல்லிச் சலித்த குடும்பத்துக்கு என்ன மிச்சம்? முடிவுகளை அந்த மக்களிடமே திரும்பக் கொண்டுபோவது, படம் எடுக்குமுன் அனுமதி கேட்பது, கல்லூரிக்கு வசதியான நேரத்தில் அல்லாமல் அவர்களுக்கு வசதியான நேரத்தில் போவது எல்லாமே ஆசிரியர் பழக வேண்டியவை.

மூன்றாவது மிக நுட்பமானது. சமய நிறுவனத்தின் பெயர்ப்பலகையோடு ஒரு குடிசைப் பகுதிக்குள் நுழைந்தால், 'மதம் மாற்ற வந்தார்களோ' என்ற சந்தேகமும் கூடவே நுழைகிறது. 1967ல் ஒரிசாவில் தொடங்கி, மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் பல மாநிலங்களில் வந்துவிட்டன. சேவைக்கும் பிரசாரத்துக்கும் நடுவே கோடு எங்கே என்பதை ஆசிரியர் தெளிவாக அறியாவிட்டால் சிக்கலில் மாட்டுவது மாணவர் மட்டுமல்ல, கதவைத் திறந்துவிட்ட குடும்பமும்தான். உதவிக்கு விலையாக நம்பிக்கையைக் கேட்காதது சட்டத்துக்குப் பயந்து செய்யும் காரியமாக இருக்கக் கூடாது. அது சமயத்தின் நேர்மையையே சோதிக்கும் இடம்.

இத்தனைக்கும் நேரம் வேண்டும். ஆனால் பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகளை எண்ணிப் பழகிய கல்லூரி அமைப்பில், குடிசைப் பகுதியில் கழிந்த மாலைகளுக்குக் கணக்கு இல்லை. அதைக் கணக்கில் சேர்க்காத நிர்வாகம் எத்தனை பயிலரங்குகள் நடத்தினாலும், சான்றிதழ்கள் சுவரில் தொங்கும். தெரு அப்படியே இருக்கும்.

பாக்பஜாரில் நிவேதிதையிடம் பாடத்திட்டம் இருக்கவில்லை. கையில் துடைப்பம் இருந்தது. மாணவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.