இரவில் எரியும் பாதங்கள்



விழுப்புரத்திலிருந்து புதுவைக்குச் செல்லும் இரயில் பாதையில் வளவனூர் என்றோர் ஊர் உண்டு. நான் பள்ளியில் படித்த நாட்களில், அரையாண்டு விடுமுறைக்கு அங்கே என் பாட்டனார் வீட்டுக்குச் செல்வது வழக்கம். பகலெல்லாம் திண்ணையில் கலகலப்பாகப் பேசிக்கொண்டிருக்கும் அவர், இருட்டிவிட்டால் படுக்கையைக் கண்டு அஞ்சுவார். "மிளகாயை அரைத்துப் பூசியதுபோல் பாதம் எரிகிறதடா" என்பார். மெல்லிய போர்வை பட்டாலும் காலை இழுத்துக்கொள்வார். சில இரவுகளிலோ, அதே பாதங்கள் பனிபோல் சில்லிடுகின்றன என்பார்.

மார்கழி மாதத்து இரவொன்றில், அவருக்கு இதமாக இருக்கட்டும் என்று, நான் ஒரு செங்கல்லை அடுப்பில் சூடாக்கித் துணியில் சுற்றிக் காலடியில் வைத்தேன். "சூடே தெரியவில்லையே, இன்னும் அருகில் தள்ளு" என்றார். தள்ளினேன். விடிந்து பார்க்கும்போது, அவருடைய குதிகாலில் பெரிய கொப்புளம் எழும்பியிருந்தது. அப்புண் ஆற மூன்று மாதங்கள் ஆயின. போர்வையின் தொடுதலைப் பொறுக்காத பாதம், சுட்ட செங்கல்லை உணராமல் போனது எவ்வாறு? அன்று விளங்காத அந்தப் புதிருக்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

நம் உடலில் மிக நீண்ட நரம்பிழைகள், இடுப்பருகே முதுகெலும்பை ஒட்டித் தொடங்கிக் கால்விரல் நுனிவரை செல்பவை. வளர்ந்தவர்களிடம் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் இருக்கும். ஊட்டக்குறைவோ நோயோ நரம்புகளைத் தாக்கும்போது, நீளமான இழைகளே பெரும்பாலும் முதலில் நலிகின்றன. ஆகவேதான் தொல்லை விரல் நுனியில் தொடங்கி, காலுறை அணிந்தாற்போல் மேலே ஏறுகிறது. பழுதுபட்ட தொலைபேசிக் கம்பியை எண்ணிப் பாருங்கள். அதில் வீண் இரைச்சல் ஓயாது கேட்கும்; கேட்க வேண்டிய பேச்சோ கேளாது. நலிந்த நரம்பும் அத்தகையதே. இல்லாத நெருப்பை மூளைக்கு அறிவிக்கும். இருக்கும் நெருப்பை அறிவிக்கத் தவறும். எரிச்சலும் மரத்துப்போதலும் ஒரே நோயின் இரு முகங்கள்.

இவ்விரு முகங்களையும் ஆராய்ந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்குச் சிறப்பான இடம் உண்டு. பர்மாப் போரில் ஈடுபட்ட இந்தியச் சிப்பாய்களின் பாத எரிச்சலை, கிரியர்சன் என்பவர் 1826-இல் விவரித்து எழுதினார். இரண்டாம் உலகப் போரில், சப்பானியரிடம் சிறைப்பட்ட போர்க் கைதிகள் பலர், போதிய ஊட்டமில்லாத உணவால் இதே துன்பத்துக்கு ஆளாயினர். இரவெல்லாம் உறங்காமல் நடந்தனர், பாதங்களைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினர். சேலத்தில் பிறந்து, குன்னூர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய டாக்டர் சி. கோபாலன், இந்நோயைப் பற்றிய தம் ஆய்வை 1946-இல் வெளியிட்டார். பி வகை வைட்டமின்களுள் ஒன்றான பாண்டோதெனிக் அமிலத்தால் நோயாளிகள் குணமடைந்ததை அதில் எடுத்துக் காட்டினார். இன்றும் இந்நோய்க்குக் கிரியர்சன், கோபாலன் ஆகிய இருவரின் பெயர்களும் சேர்ந்து வழங்குகின்றன.

அதே 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார், கொல்லிமலையில் பிறந்த ஆங்கில அறுவை மருத்துவர் பால் பிராண்ட். அவர் கண்டது மற்றொரு முகம். தொழுநோயாளிகள் சிலர் காலையில் கண்விழிக்கும்போது விரலின் ஒரு பகுதி காணாமற்போயிருந்தது. இரவில் காவலிருந்து பார்த்தபோது உண்மை புலனாயிற்று. எலி வந்து கடித்துத் தின்றிருக்கிறது. வலி தெரியாமையால் நோயாளி உறங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்! அதன்பின் நோயாளிகளுக்குப் பூனைகள் துணையாக அளிக்கப்பட்டன. வலி நம்மைக் காக்கும் காவலன் என்பதைப் பிராண்ட் வாழ்நாள் முழுதும் எடுத்துரைத்தார்.

இரவில் எரிச்சல் மிகுவது ஏன்? பகலில் கண்ணும் காதும் அனுப்பும் எண்ணற்ற செய்திகளிடையே பாதத்தின் முறையீடு அமுங்கிக் கிடக்கிறது. வீடு அடங்கியபின் அது ஒன்றே கேட்கிறது. இதற்குப் படுக்கையில் செய்யத்தக்கவை சில உண்டு. போர்வை பாதத்தில் படாதிருக்க, ஓர் அட்டைப் பெட்டியின் பக்கத்தை வெட்டிக் கால்மாட்டில் கவிழ்த்து, அதன்மேல் போர்வையை விரிக்கலாம். மருத்துவமனைகளில் இதற்கென வளைந்த கம்பிச் சட்டம் வைத்திருப்பார்கள். கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் தலையணை வைத்து, குதிகால் எதிலும் அழுந்தாமல் நிற்கச் செய்யலாம். ஒருக்களித்துப் படுப்பவர் முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணை வைத்துக்கொள்வது நன்று. படுக்குமுன் சில நிமிடம் குளிர்ந்த நீரில் பாதத்தை வைத்து, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைக்கலாம். பனிக்கட்டியை நேரே வைத்தல் கூடாது.

இவற்றினும் முதன்மையானது, செய்யக் கூடாதது எது என்று அறிதல். வெந்நீர்ப் பை, சுட்ட செங்கல், மணல் ஒத்தடம் ஆகிய எவையும் உணர்விழந்த பாதத்தை அணுகலாகாது. குளிருக்குத் தளர்வான பருத்திக் காலுறை போதும். தண்ணீரின் சூட்டைப் பாதத்தால் சோதிக்காமல், வீட்டிலுள்ள மற்றொருவர் கையால் பார்க்க வேண்டும். இரவில் எழுந்தால் விளக்கேற்றிச் செருப்பணிந்தே நடக்க வேண்டும்.

இக்காலத்தில் இத்தொல்லைக்குப் பெருங்காரணம் நீரிழிவு. பி 12 வைட்டமின் குறைவும் மதுப்பழக்கமும் முதுகெலும்பில் நரம்பு நெருக்கப்படுவதும் பிற காரணங்களாகும். தலையணை காரணத்தை நீக்காது. அதனைக் கண்டறிந்து மருந்து தருபவர் மருத்துவரே. திடீரெனக் கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போனாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

பாதத்தில் உணர்வு எஞ்சியிருக்கிறதா என்றறிய, மருத்துவர்கள் ஒரு நைலான் இழையால் தொட்டுப் பார்க்கிறார்கள். பத்துக் கிராம் எடையளவு அழுத்தத்தில் அவ்விழை வளையும். அத்தொடுதல் தெரியாதவருக்குப் புண் வரும் அபாயம் மிகுதி. இவ்வளவு எளிய சோதனை என் பாட்டனாருக்கு அன்று வாய்க்கவில்லை. அவரிடம் அன்பு காட்ட நான் இருந்தேன்; அறிவு துணை நில்லாமையால் அவ்வன்பே அவரைச் சுட்டது. மாணவர்களே, உங்கள் வீட்டிலும் பாதம் எரிகிறதென்று கூறும் முதியவர் இருக்கக்கூடும். இன்றிரவு அவர் காலருகே அமர்ந்து, உள்ளங்கால், விரலிடுக்கு, குதிகால் ஆகியவற்றை விளக்கொளியில் பாருங்கள். அவருடைய பாதம் சொல்ல மறந்ததை உங்கள் கண்கள் சொல்லட்டும்.