வேனிலில் வந்த கிறிஸ்துமஸ்

கிறிஸ்துமஸ் என்றவுடன் நம் மனக்கண்முன் நிற்பன யாவை? வெண்பனி மூடிய கூரையும், கம்பளியுடுத்த முதியவரும், கலைமான் பூட்டிய வண்டியுமன்றோ? மார்கழித் திங்களின் இளங்குளிரன்றி வேறறியாத நாமும் மரக்கிளையிற் பஞ்சை ஒட்டிப் பனியென்று மகிழ்கின்றோம். இவையெல்லாம் அத்திருநாளின் உயிரோ, வெறும் உடையோ? இவ்வினா எம்முள்ளத்தில் எழுதற்கு ஒரு பயணம் காரணமாயிற்று. எம் தமக்கையார் தென் ஆஸ்திரேலியாவிற் கிளெனெல்க் என்னும் கடற்கரையூரில் தனியே தங்கிச் செவிலியராய்ப் பணிபுரிகின்றார். சென்ற கிறிஸ்துமஸை யாமும் எம் பெற்றோரும் அவர் இல்லத்திற் கழித்தேம். ஆண்டுக் கண்டனவற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

கிளெனெல்க், அம்மாநிலத்தின் தலைநகராகிய அடிலெய்டைச் சார்ந்தது. நகரின் நடுவிலிருந்து வரும் டிராம் வண்டி கடற்கரைச் சதுக்கத்தில் வந்து நிற்கின்றது. 1929-ஆம் ஆண்டு முதல் இத்தடத்தில் மின்சார டிராம் ஓடுகின்றது. கீழ்கடலில் ஞாயிறு எழக் கண்டு பழகிய எமக்கு, மேல்கடலில் அது வீழக் காண்பது புதுமையாயிருந்தது. இந்நிலம் தொன்றுதொட்டுக் கௌர்னா என்னும் பழங்குடியினர் வாழ்ந்துவந்தது. 1836-ஆம் ஆண்டில் இங்கு வந்திறங்கிய ஆங்கிலேயர் தம் முதற் கிறிஸ்துமஸைக் கூடாரங்களிலும் குடிசைகளிலும் வேனில் நடுவே கழித்தனர். மூன்று நாள் கழித்து, டிசம்பர் 28-இல், ஆளுநர் ஹைண்ட்மார்ஷ் இவ்விடத்தே புதிய ஆட்சியை அறிவித்தார்.

டிசம்பரில் வேனில் வருதல் எவ்வாறெனின், கூறுதும். பூமியின் அச்சு ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்துள்ளது. டிசம்பரில் அதன் தென்பாதி ஞாயிற்றை நோக்கிச் சாய்ந்திருக்க, வடபாதி விலகியிருக்கும். ஆகவே, இலண்டனிற் பகல் எட்டு மணி நேரத்திற்குள் முடிய, ஏறத்தாழ 35 பாகை தெற்கிலுள்ள அடிலெய்டில் 14 மணி நேரத்திற்கு மேல் நீள்கின்றது. இரவு எட்டு மணியடித்த பின்னரும் அங்கு ஞாயிறு மறையக் கண்டிலேம்.

இனி, பனிக்கோலம் எங்ஙனம் வந்தது? 1843-ஆம் ஆண்டில் இலண்டனில் டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதை வெளிவந்தது. அவ்வாண்டிலேயே ஹென்றி கோல் என்பார் வாழ்த்து அட்டையொன்றை அச்சிடுவித்து விற்பனைக்கு வைத்தார். 1848-இல் விக்டோரியா அரசியாரின் குடும்பம் அலங்கரித்த மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் ஒரு பத்திரிகையில் வெளியாகிப் பெரும்புகழ் பெற்றது. இங்ஙனம் ஆங்கில நாட்டுக் குளிர்காலக் கோலமே திருநாளின் கோலமாகிக் கப்பலேறிப் பல நாடுகளை அடைந்தது. சுவிசேஷத்திலோ, கிறிஸ்து பிறந்த இரவிற் பனி பெய்ததாக ஒரு சொல்லும் இல்லை, நாளும் குறிக்கப்படவில்லை. வயல்வெளியில் இராத்தங்கி மந்தை காத்த மேய்ப்பரையே லூக்கா காட்டுகின்றார்.

கிளெனெல்க் ஊரார் பழையதை விடாமலும் இடத்திற்கேற்பப் புதியதைச் சேர்த்தும் இத்திருநாளைக் கொண்டாடுகின்றனர். கடைக் கண்ணாடிகளிற் செயற்கைப் பனி. வெளியே வெறுங்காலுடன் மக்கள். காலையில் ஆராதனை, நண்பகலிற் குளிர்ந்த பன்றியிறைச்சி, இறால், மலைப்புறத்துச் செர்ரிப்பழம், உருசிய நடனமாது அன்னா பாவ்லோவாவின் பெயரால் வழங்கும் முட்டை வெண்கருப் பணியாரம். பின்னர் யாவரும் கடலை நாடுவர். உயிர்காக்கும் தொண்டர் நாட்டிய செம்மஞ்சட் கொடிகளுக்கிடையே நீந்துதல் முறை. இவ்வேனிலுக்கு அச்சமும் உண்டு. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 20-இல் அடிலெய்டு மலைப்புறத்திற் கட்லீ கிரீக்கில் மூண்ட காட்டுத்தீயாற் பல குடும்பங்கள் வீடிழந்தே அவ்வாண்டுக் கிறிஸ்துமஸைக் கண்டன.

எம் அன்னையார்க்கோ, பண்டிகைக்கு முன்னாள் இரவு மனம் பொருந்தவில்லை. “விடியற்காலைக் கோயில் மணி இல்லை, வீடுதோறும் பாடிவரும் பஜனை இல்லை, பாட்டியும் உடனில்லை. இஃதென்ன பண்டிகை?” என்று வருந்தினார். தமக்கையார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “அம்மா, ஐந்து கிறிஸ்துமஸ் இரவுகளை ஆஸ்பத்திரியில் நோயாளிகளுடன் கழித்தேன். விடிந்தபின் வந்து, பூட்டிய கதவை நானே திறப்பேன். இவ்வாண்டுதான் உள்ளேயிருந்து எனக்குக் கதவு திறக்க நீங்கள் இருக்கின்றீர்கள்” என்றார். அன்னையார் மறுமொழி கூறவில்லை. எழுந்து சென்று முறுக்குக்கு மாப்பிசையத் தொடங்கினார். மறுநாட் காலை அண்டை வீடுகளுக்கெல்லாம் தட்டுகளை யாமே கொண்டு சென்றேம். அடுத்த வீட்டில் தனித்திருந்த மூதாட்டியார் ஒருவர் அன்று எம்முடன் அமர்ந்து உண்டார்.

ஊர் திரும்பியபின் எம் பாட்டியார், “அங்கேயும் நம் வீட்டைப் போலச் சவுக்குக் கிளை வைத்தார்களா?” என்று வினவினார். ஆஸ்திரேலியாவின் வடகரையும் கீழ்கரையும் சவுக்கின் தாயகங்களுட் சேர்ந்தவை. நம் கடற்கரைகளில் அது பயிராகத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டிலேயே. நம்முடையதென்று நாம் எண்ணிய மரமும் கடல் கடந்து வந்ததே! ஆதலின் மரமும் பனியும் வெயிலும் இடத்துக்கிடம் மாறுக. தனித்திருப்பார்க்குக் கதவு திறத்தலே அத்திருநாளின் உயிர் என்பது எம் துணிபு.