மின்னழுத்தம் பிஎச் எண்ணாக மாறும் இடம்

பிஎச் மீட்டரின் திரையில் 6.84 என்று ஓர் எண் தோன்றும்போது, அக்கருவி கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளை எண்ணிப் பார்த்து அவ்வாறு சொல்வதாகவே பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது அளப்பது இரண்டு மின்முனைகளுக்கு இடையே எழும் சில மில்லிவோல்ட் மின்னழுத்தத்தை மட்டுமே. அந்த மின்னழுத்தத்துக்கு எந்த பிஎச் மதிப்பு உரியது என்பதை, மதிப்பு முன்பே உறுதிசெய்யப்பட்ட கரைசல்களில் மின்முனையை வைத்து மனிதர்தாம் கருவிக்குக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கற்பித்தலே அளவுத்திருத்தம் எனப்படுகிறது. அதைச் செய்யாமல் பெறப்படும் எண், எத்தனை தசம இடங்களோடு திரையில் ஒளிர்ந்தாலும், அறிவியல் தரவாகாது.

பிஎச் என்னும் அளவுகோலை 1909இல் கோபன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய வேதியியலாளர் சோரன்சன் வகுத்தார். இது மடக்கை அளவுகோல் என்பதால், ஓர் அலகு குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்து மடங்கு உயர்கிறது, வெறும் 0.3 அலகு பிழைபட்டாலே செறிவு இரு மடங்கு தவறாகிவிடும். மனித இரத்தத்தின் பிஎச் 7.35 முதல் 7.45 வரையிலான குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டியது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த அளவுகோலில் 0.1 என்பது சிறிய எண் அன்று என்பது விளங்கும்.

மின்னழுத்தத்தைத் தோற்றுவிப்பது கண்ணாடிதான். மெல்லிய கண்ணாடிச் சவ்வின் இருபுறமும் வெவ்வேறு அமிலத்தன்மை கொண்ட கரைசல்கள் இருந்தால் அதன் குறுக்கே மின்னழுத்தம் எழுகிறது என்பதை 1906இல் கிரெமர் கண்டறிந்தார். ஹேபரும் கிளெமென்சீவிச்சும் 1909இல் அதை முறையான மின்முனையாக வளர்த்தெடுத்தனர். ஆயினும் கண்ணாடியின் மின்தடை மிக அதிகம் என்பதால், அதன் வழியே செல்லும் நுண்ணிய மின்னோட்டத்தை நம்பகமாக அளப்பது நெடுங்காலம் கடினமாகவே இருந்தது. கலிஃபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்கத் தவித்த நண்பர் ஒருவருக்காக, வெற்றிடக் குழாய்ப் பெருக்கியைக் கண்ணாடி மின்முனையோடு இணைத்து 1934இல் ஆர்னால்டு பெக்மன் உருவாக்கிய கருவியே இன்றைய பிஎச் மீட்டர்களுக்கு முன்னோடி.

இன்றைய மின்முனைகள் பெரும்பாலும் இரண்டை ஒன்றாக்கியவை: நுனியில் கண்ணாடிக் குமிழும், அதைச் சூழ்ந்து பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நிற்கும் ஒப்பீட்டு மின்முனையும் ஒரே தண்டுக்குள் அமைந்திருக்கும். கோட்பாட்டின்படி, பிஎச் 7 கொண்ட கரைசலில் இந்த இணை சுழியம் மில்லிவோல்ட் காட்ட வேண்டும். 25 டிகிரி செல்சியஸில் ஒவ்வோர் அலகு மாற்றத்துக்கும் 59.16 மில்லிவோல்ட் வேறுபட வேண்டும். நெர்ன்ஸ்ட் சமன்பாடு தரும் இம்மதிப்பே சாய்வு எனப்படுகிறது. ஆனால் எந்த மின்முனையும் இந்த இலட்சியத்துக்கு முற்றிலும் இசைந்து நடப்பதில்லை. கண்ணாடியின் மேற்பரப்பு நாளடைவில் தேய்கிறது, புரதமும் எண்ணெயும் அதில் படிகின்றன, ஒப்பீட்டுக் கரைசல் வெளியேறும் நுண்துளை வாயில் அடைபடுகிறது. இவற்றால் சுழியப் புள்ளி நகர்வதும் சாய்வு குறைவதும் ஒன்றையொன்று சாராமல் நிகழக்கூடியவை. அறியப்படாதவை இரண்டாக இருப்பதனால்தான் அளவுத்திருத்தத்துக்குக் குறைந்தது இரண்டு கரைசல்கள் தேவைப்படுகின்றன.

இதை ஒரு கணக்கின் மூலம் தெளிவாக்கலாம். 25 டிகிரியில் ஒரு மின்முனை, பிஎச் 7.00 கரைசலில் +12 மில்லிவோல்ட்டும் 4.01 கரைசலில் +183 மில்லிவோல்ட்டும் காட்டுவதாகக் கொள்வோம். திருத்தப்படாத கருவி முதற்கரைசலை 6.80 என்று சொல்லும்; அதாவது ஹைட்ரஜன் அயனிகளின் செறிவை ஒன்றரை மடங்குக்கும் மேலாகக் காட்டிவிடும். இரண்டு அளவீடுகளுக்கு இடையிலான 171 மில்லிவோல்ட்டை 2.99 அலகுகளால் வகுத்தால் கிடைக்கும் 57.2 என்பதே அம்மின்முனையின் உண்மையான சாய்வு. இது கோட்பாட்டு மதிப்பில் ஏறத்தாழ 96.7 விழுக்காடு. கருவி இந்த இரண்டு திருத்தங்களையும் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்து வரும் ஒவ்வோர் அளவீட்டிலும் பயன்படுத்துகிறது.

இங்கே பயன்படும் கரைசல்கள் தாங்கல் கரைசல்கள் எனப்படுகின்றன; சிறிதளவு அமிலமோ காரமோ சேர்ந்தாலும் அவற்றின் பிஎச் எளிதில் மாறாது. பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டால் ஆனது அமிலப் பகுதிக்கும், பாஸ்பேட் உப்புகளால் ஆனது நடுநிலைப் பகுதிக்கும், வெண்காரத்தால் ஆனது காரப் பகுதிக்கும் உரியவை. அளக்கவிருக்கும் மாதிரியின் மதிப்பு இரண்டு கரைசல்களின் மதிப்புகளுக்கு இடையில் விழுமாறு அவற்றைத் தேர்ந்தெடுப்பது இன்றியமையாதது. தயிரை அளக்க 7, 4 ஆகிய கரைசல்களும், சோப்பு நீரை அளக்க 7, 10 ஆகியவையும் பொருந்தும்.

செய்முறையில் பொறுமையே பாதி. முதலில் நடுநிலைக் கரைசல், பிறகு அமிலம் அல்லது காரம் என்பது வழக்கமான வரிசை. ஒவ்வொரு கரைசலுக்கும் இடையே மின்முனையை வாலை வடிநீரால் கழுவி, மெல்லிய தாளால் ஈரத்தை ஒற்றியெடுக்க வேண்டும்; தேய்த்தால் கண்ணாடியில் நிலைமின்சாரம் தங்கி அளவீட்டைக் குழப்பும். எண் நிலைபெறும்வரை காத்திருந்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். பயன்படுத்திய கரைசலை மீண்டும் புட்டியில் ஊற்றுவது புட்டி முழுவதையும் கெடுத்துவிடும். பிஎச் 10 கரைசலோ திறந்து வைத்தாலே காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை உறிஞ்சி மதிப்பில் சரிந்துவிடும் என்பதால், அதைச் சிறிதளவாக அவ்வப்போது எடுத்துக்கொள்வதே நல்லது.

வெப்பநிலை இரண்டு வழிகளில் குறுக்கிடுகிறது, அவற்றைப் பிரித்தறியாமல் பலர் தவறிழைக்கின்றனர். மின்முனையின் சாய்வு 20 டிகிரியில் 58.17 மில்லிவோல்ட், 37 டிகிரியில் 61.54 மில்லிவோல்ட் என மாறுகிறது. வெப்ப உணரி பொருத்தப்பட்ட கருவி இதைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் கரைசலின் பிஎச்சே வெப்பத்தால் மாறுவதை அந்த ஈடுசெய்தல் தொடுவதில்லை. வெண்காரத் தாங்கல் கரைசல் 10 டிகிரியில் 9.33 ஆகவும் 40 டிகிரியில் 9.07 ஆகவும் இருப்பதால், புட்டியின் மேல் அச்சிடப்பட்ட அட்டவணையிலிருந்து அன்றைய வெப்பநிலைக்குரிய மதிப்பையே எடுக்க வேண்டும்.

சாய்வின் விழுக்காடு மின்முனையின் உடல்நலத்தையும் தெரிவிக்கிறது. பொதுவாக 95 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அது நன்னிலையில் இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. குறைந்தால், படிந்த பொருளுக்கேற்ப அதைத் துப்புரவு செய்து மீண்டும் முயல வேண்டும். புரதப் படிவை நீக்க, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த பெப்சின் நொதி உதவுகிறது. பணி முடிந்தபின் மின்முனையை வாலை வடிநீரில் ஊறவைக்கும் வழக்கம் தீங்கானது. உள்ளிருக்கும் அயனிகள் கசிந்து வெளியேறும் என்பதால், 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலே அதற்குரிய இடம். அளவுத்திருத்தம் செய்தபின், அதில் பயன்படுத்தாத மூன்றாவது தாங்கல் கரைசலை அளந்து பார்ப்பது சிறந்த சோதனை. கெட்டுப்போன கரைசலைக்கொண்டு கருவி தவறாகக் கற்றிருந்தால் அது அங்கேதான் வெளிப்படும்.

அளவுத்திருத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் சுத்திகரிக்கப்பட்ட நீரில் அயனிகள் மிகக் குறைவு என்பதால், உப்புச்செறிவு மிக்க தாங்கல் கரைசல்களில் நன்கு இயங்கிய மின்முனை அந்நீரில் தடுமாறி, எண் நிலைகொள்ளாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். மூடிய கலத்தில் மெதுவாகக் கலக்கியபடி நீண்ட நேரம் காத்திருந்து அளந்த பிறகும், அத்தகைய நீரின் மதிப்பை முதல் தசம இடம் வரையே அறிக்கையில் எழுதி, அளந்தபோது இருந்த வெப்பநிலையையும் அதனருகே குறிப்பது முறை.