இருக்கும் நீரில் மிகுந்த வருவாய்

எந்தப் பயிர் ஏக்கருக்கு அதிக லாபம் தரும் என்றே பட்டந்தோறும் நாம் கேட்கிறோம். அக்கேள்வி மட்டும் போதாது. நிலத்துக்கும் எல்லை உண்டு. கிணற்று நீருக்கும் எல்லை உண்டு. இவ்வெல்லைகளுக்குள் அதிக வருவாய் எவ்வாறு கிடைக்கும் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

ஓர் உதாரணம் காண்போம். ஒரு விவசாயிக்கு 6 ஏக்கர் நிலம் உள்ளது. அவரது கிணற்றிலிருந்து வாரத்திற்கு 40 மணி நேரம் இறைக்கலாம். ஏக்கர் ஒன்றுக்கு நெல்லுக்கு 12 மணி நேரமும், நிலக்கடலைக்கு 4 மணி நேரமும் இறைக்கவேண்டும். செலவு போக, நெல் ஏக்கருக்கு ரூ. 20,000 வீதமும் கடலை ரூ. 15,000 வீதமும் தருவதாகக் கொள்வோம்.

நெல்லை மட்டும் பயிரிட்டால் 3⅓ ஏக்கரிலேயே நீர் தீர்ந்துவிடும். எஞ்சிய நிலம் தரிசாகும். வருவாய் சுமார் ரூ. 66,667. கடலையை மட்டும் பயிரிட்டால் ரூ. 90,000 கிடைக்கும், ஆனால் 16 மணி நேர நீர் வீணாகும்.

இப்பொழுது கடலை நிலத்தில் ஓர் ஏக்கரை நெல்லுக்கு மாற்றுவோம். நீர்ச்செலவு 8 மணி நேரமும் வருவாய் ரூ. 5,000-மும் கூடும். இவ்வாறு 2 ஏக்கர் மாற்றியதும் மிஞ்சிய நீர் தீர்ந்துவிடும். அதற்கு மேலும் ஓர் ஏக்கர் நெல் வேண்டுமெனில், அதன் நீருக்காக 3 ஏக்கர் கடலையைக் கைவிட நேரும். ரூ. 20,000 பெற ரூ. 45,000 இழப்பது நஷ்டமன்றோ? ஆகவே நெல் 2 ஏக்கர், கடலை 4 ஏக்கர், வருவாய் ரூ. 1,00,000 என்பதே உச்சம். இரு எல்லைகளும் சந்திக்கும் முனையிலேயே அது அமைந்திருப்பதைக் கவனிக்க.

பல எல்லைகள் உள்ள பெரிய கணக்குகளுக்கும் இதுவே அடிப்படை. 1939-ல் சோவியத் நாட்டில் கன்டரோவிச் ஒட்டுப்பலகை உற்பத்திக்காக இத்தகைய கணக்கை ஆராய்ந்தார். ஒரு முனையிலிருந்து அதைவிடச் சிறந்த அடுத்த முனைக்குச் செல்லும் முறையை 1947-ல் அமெரிக்காவில் டான்ட்சிக் வகுத்தார். மாட்டுக்குப் போதிய சத்துள்ள தீவனத்தைக் குறைந்த செலவில் கலப்பதற்கும் இதே வழி பயன்படும். அங்கு உச்சத்திற்குப் பதில் மிகக் குறைந்ததைத் தேடுகிறோம்.

இக்கணக்கு மற்றொன்றையும் உணர்த்தும். மேற்கண்ட விவசாயி அதே கிணற்று நீரைக் கொண்டு மேலும் ஓர் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தால், ஒன்றரை ஏக்கர் நெல்லும் ஐந்தரை ஏக்கர் கடலையும் பயிரிட்டு ரூ. 12,500 மட்டுமே கூடுதலாகப் பெறமுடியும். குத்தகை அதற்கு மேற்பட்டால் நஷ்டமே.

விலையும் நீரும் ஊருக்கு ஊர் மாறுபடும். ஆதலால் விவசாயப் பெருமக்கள் தத்தம் கிணற்றின் இறைப்பு நேரத்தை அளந்து குறித்துக்கொள்வார்களாக. பஞ்சாயத்து உறுப்பினர்கள் விதைப்புக்கு முன் ஊரைக் கூட்டி இக்கணக்கைப் போட்டுக் காட்டினால், கடன்பட்டு விதைத்த பயிர் பாதியில் கருகும் துன்பத்தைப் பெரிதும் தவிர்க்கலாம்.