'செக்'குக்குப் பின்னால் ஒரு ராஜா

யாருக்கு யார் செக் வைத்தார் என்று அரசியல் பத்திரிகைகள் வாராவாரம் எழுதுகின்றன. பஸ்ஸில் டிக்கெட் செக்கர் ஏறுகிறார். மாநில எல்லையில் செக்போஸ்ட், ஆஸ்பத்திரியில் செக்கப், பேங்க்கில் செக் புக், துணிக்கடையில் செக் சட்டை. ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று தோன்றும் இத்தனைக்கும் பூர்வீகம் ஒன்றுதான்: சதுரங்கப் பலகை.

இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகத்துக்குப் போனதும், ராஜாக் காய்க்கு அந்த நாட்டு அரசரின் பட்டமான 'ஷா' பெயராயிற்று. எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது 'ஷா' என்று குரல் கொடுத்து எச்சரிப்பார்கள். அரபியர் வழியாக ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போக, அந்தச் சொல்லும் கூடவே போனது. பழைய பிரெஞ்சில் அது 'எஷெக்'. ஆங்கிலத்தில் முதல் எழுத்து உதிர்ந்து 'செக்'. அதன் பன்மை வடிவம் தேய்ந்ததுதான் 'செஸ்'. 'ஷா மாட்' என்பதே 'செக்மேட்' ஆனது. 'மாட்' என்றால் செத்தான் என்று சிலரும், செய்வதறியாமல் நிற்கிறான் என்று சிலரும் பொருள் சொல்கிறார்கள். ராஜாவை யாரும் வெட்டி எடுப்பதில்லை என்பதால் இரண்டாவது பொருள் ஆட்டத்தோடு நன்றாகவே பொருந்துகிறது.

செக் விழுந்ததும் எதிராளி மற்ற திட்டங்களை ஒதுக்கிவிட்டு ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். இதிலிருந்தே தடுத்து நிறுத்துவது, கட்டுப்படுத்துவது என்ற பொருள்கள் கிளைத்தன. தப்பு நடக்காமல் தடுக்க வேண்டுமானால் சோதித்துப் பார்க்க வேண்டுமே! 'சரிபார்ப்பது' அப்படி வந்து சேர்ந்தது.

பணம் இந்தக் கதைக்குள் வந்தது இங்கிலாந்தில். 12ஆம் நூற்றாண்டில் அரசரின் வரிக்கணக்கைத் தீர்த்த முறையை, பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு மேஜை. கணக்குப் போடும் காய்கள் உருண்டு விழாதபடி நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. பென்னிக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒன்று, பவுண்டுக்கு ஒன்று என்று காய்களை அடுக்கி, மாவட்டத்து ஷெரீப் கட்ட வேண்டியதிலிருந்து கட்டியதைக் கழித்துப் பார்ப்பார்கள். சதுரங்கத்தில் இரு ராஜாக்கள் மோதுவதுபோல இங்கே பொருளாளரும் ஷெரீப்பும் மோதுகிறார்கள் என்கிறார் ஃபிட்ஸ்நீல். சதுரங்கப் பலகையின் பெயரே கணக்குத் தீர்த்த அந்த அலுவலகத்துக்கு நிலைத்து 'எக்ஸ்செக்கர்' ஆனது. பிரிட்டிஷ் நிதியமைச்சர் இன்றும் 'சான்ஸலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்'தான்.

18ஆம் நூற்றாண்டில், மோசடியைத் தடுக்கப் பணப் பத்திரங்களுக்கு அடிக்கட்டை வைத்தார்கள். அந்த அடிக்கட்டைதான் முதலில் 'செக்'. பிறகு பெயர் பத்திரத்துக்கே தாவிவிட்டது. எக்ஸ்செக்கரின் சாயலில் பிரிட்டிஷார் அதன் எழுத்துக்கூட்டை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் பழையபடியே எழுதுகிறார்கள். ஹோட்டல் பில்லுக்கும் அவர்களிடம் அதே பெயர்தான்.

பலகையின் கட்டங்கள் துணிக்கும் பெயர் கொடுத்தன. சென்னைப் பகுதியில் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி 'மெட்ராஸ் செக்' என்று வெளிநாடுகளில் பிரபலம். இத்தனை இடங்களுக்குப் பரவிய சொல்லை, இன்றைய சர்வதேசச் சதுரங்கப் போட்டிகளில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்ற விதி இல்லை. ராஜாவுக்கு ஆபத்து என்பதை எதிராளியே கவனித்துக்கொள்ள வேண்டும்.